நடுவுல பிடிச்சிருக்கறது யாரு? சாஃப்ட்வேர்ல தூண் பக்லிங் பாக்கறது பத்தி

ஒரு ஐஎஸ்எம்பி 200 (200 மிமீ ஆழமான ஐ வடிவ ஸ்டீல் செக்‌ஷன்) எடுத்துக்கோங்க. 3 மீட்டர் உயரம், மேலயும் கீழயும் பின், அதாவது முனை சுழலலாம், பக்கவாட்டுல நகர முடியாது. தலையில 600 கிலோநியூட்டன், அதாவது சுமார் 60 டன் வைங்க. ஸ்டாட், சாப்2000 மாதிரி ஸ்ட்ரக்சர் கணக்கு போடற சாஃப்ட்வேர்ல சாதாரண ஸ்டாட்டிக் அனாலிசிஸ் ஓட்டுங்க. ஒரு செகண்ட்ல ரிசல்ட் வந்துரும்: தூண் 2.8 மிமீ சுருங்கியிருக்கு, ஸ்ட்ரெஸ் 186 மெகாபாஸ்கல். ஸ்டீலோட ஈல்டு, அதாவது நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கற ஸ்ட்ரெஸ், 250. வார்னிங் கிடையாது, எரர் கிடையாது, படத்துல தூண் நேரா நிக்குது.

நெஜத்துல அந்த தூண் 33 டன்னுக்கு மேல தாங்காது. டிசைன் கோட் (விதிப் புத்தகம்) படி பாத்தா 23 டன் தான். 60 டன் வெச்சா வில்லு மாதிரி வளைஞ்சு மடங்கி விழும், இது தான் பக்லிங்.

ஆபீஸ்ல புதுசா சேந்த பசங்க கிட்ட இதை ஒரு தடவை ஓட்டிக் காமிப்பேன். முதல் கேள்வி எப்பவும் ஒண்ணு தான்: "சார், அப்போ சாஃப்ட்வேர் தப்பா?" தப்பு இல்ல. நாம கேட்ட கேள்விக்கு அது சரியா பதில் சொல்லியிருக்கு, நாம தான் பக்லிங் பத்தி கேக்கவே இல்ல. இது ஸ்டாட் வாங்கின எல்லா ஆபீஸ்லயும் தெரிஞ்ச விஷயம்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆனா அடிக்கடி பாக்கறத வெச்சு சொல்றேன், அப்படி இல்ல.

லீனியர் அனாலிசிஸ் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா காரணம் உடனே புரியும். ஸ்ட்ரக்சரோட விறைப்பை எல்லாம் சேத்து ஒரு பெரிய மேட்ரிக்ஸ் போடுது, லோடை வெச்சு சால்வ் பண்ணுது, நகர்வு கிடைக்குது. இந்த விறைப்பு மேட்ரிக்ஸ்ல நீளம், ஏரியா, இனர்ஷியா (செக்‌ஷன் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும்ன்ற அளவு), ஸ்டீலோட இ மதிப்பு (பொருளோட விறைப்பு) இதெல்லாம் இருக்கும். அந்த தூண்ல எவ்வளவு அழுத்தம் இருக்குன்ற தகவல் மட்டும் இருக்காது. அதாவது ஒரு டன் தாங்கிட்டு இருக்கற தூணையும் 60 டன் தாங்கிட்டு இருக்கற தூணையும் பக்கவாட்டுல லேசா தள்ளினா ரெண்டும் ஒரே மாதிரி எதிர்க்கும்னு அது நெனைக்குது. ஆனா ஒரு ஈர்க்குச்சியை நட்டுவெச்சு மேல விரலால அழுத்திக்கிட்டே நடுவுல லேசா தட்டிப் பாருங்க, அழுத்தம் கூடக் கூட பக்கவாட்டு எதிர்ப்பு கொறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல எதிர்ப்பே இருக்காது, தட்டவே வேணாம், தானா போயிரும். அந்தக் கட்டம் தான் பக்லிங் லோடு.

இந்த லோடுக்கு ஃபார்முலா குடுத்தவர் ஆய்லர், 1744ல. அவருக்கு முன்னாடியே 1729ல நெதர்லாந்துல முஷன்புரூக்னு ஒருத்தர் மரக்குச்சிகளை அழுத்தி உடைச்சுப் பாத்து, நீளம் ரெண்டு மடங்கானா பலம் நாலுல ஒரு பங்காயிருதுன்னு சொல்லிட்டார். ஆய்லர் அதையே கணக்கால சொன்னார்: பை² × இ × ஐ ÷ எல்² (ஐ இனர்ஷியா, எல் நீளம்). ஈல்டு ஸ்ட்ரெஸ் இந்த ஃபார்முலால எங்கயுமே இல்லன்றத கவனிங்க. நல்ல ஸ்டீல் போட்டா பக்லிங் கொறையும்னு சிலர் சொல்லுவாங்க, மெலிஞ்ச தூணுக்கு அது உதவவே உதவாது, இ மதிப்பு எல்லா ஸ்டீலுக்கும் ஏறக்குறைய ஒண்ணு தான்.

நம்ம ஐஎஸ்எம்பி 200க்கு போட்டா, வீக் ஆக்சிஸ் (சுலபமா வளையற திசை) இனர்ஷியா 150 செமீ⁴, வருது 329 கிலோநியூட்டன். ஸ்ட்ராங் ஆக்சிஸ்ல 2235 செமீ⁴, அதுக்கு 4900க்கு மேல வரும். பதினஞ்சு மடங்கு வித்தியாசம், ஒரே இரும்புத்துண்டு. இதனால தான் எந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்காங்கன்ற கேள்வி இவ்வளவு முக்கியம், அதுக்கு அப்புறம் வரேன்.

சாஃப்ட்வேர்ல பக்லிங் அனாலிசிஸ்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு. அது என்ன பண்ணுதுன்னா, முதல்ல சாதாரண அனாலிசிஸ் ஓட்டி ஒவ்வொரு மெம்பர்லயும் (தூண், பீம் மாதிரி ஒவ்வொரு துண்டுலயும்) எவ்வளவு ஆக்சியல் ஃபோர்ஸ், அதாவது நீளவாக்குல ஓடற விசைன்னு எடுத்துக்குது. அப்புறம் அந்த ஃபோர்ஸால பக்கவாட்டு விறைப்பு எவ்வளவு கொறையுதுன்னு ரெண்டாவதா ஒரு மேட்ரிக்ஸ் போடுது, ஜியோமெட்ரிக் ஸ்டிஃப்னஸ்னு பேரு. இந்த ரெண்டாவதை எத்தனையால பெருக்கினா முதல் மேட்ரிக்ஸ் செத்துப்போகும்னு தேடுது. அந்த எண் தான் பக்லிங் ஃபேக்டர், லோடு எத்தனை மடங்கானா பக்கிள் ஆகும்னு சொல்றது. தூண் மேல 100 கிலோநியூட்டன் வெச்சு ஓட்டினா ஃபேக்டர் 3.29 வரணும்.

வரணும். ஆனா தூணை ஒரே மெம்பரா வரைஞ்சு, உள்ளுக்குள்ள தானா துண்டு போடாத சாஃப்ட்வேர்ல ஓட்டினீங்கன்னா 4.00 வரும். 21 சதவீதத்துக்கு மேல கூட, அதுவும் ஆபத்தான பக்கம். காரணம் சிம்பிள்: பீம் எலிமெண்ட் (சாஃப்ட்வேர் மெம்பரை கணக்கு போடற துண்டு) உள்ளுக்குள்ள தன் வளைவை ஒரு க்யூபிக் கோடா தான் கற்பனை பண்ண முடியும், நெஜ வளைவு சைன் அலை, அந்த கோடு அலையோட ஒட்டாததால எலிமெண்ட் உண்மையைவிட விறைப்பா இருக்கு. அதே தூணை நடுவுல ஒரு நோட் (துண்டுகள் சேர்ற புள்ளி) போட்டு ரெண்டா வெட்டுங்க, 3.315 வந்துரும், தப்பு முக்கால் சதவீதம். நாலா வெட்டினா 3.292. அதுக்கு மேல வெட்டறது வீண். இதைவிட கொடுமை ரெண்டு முனையும் ஃபிக்ஸ் பண்ணின ஒத்தை எலிமெண்ட் தூண்: நகர்றதுக்கு நோடே இல்ல, அதனால அந்த தூண் எந்த லோடுக்கும் பக்கிள் ஆகாதுன்னு சாஃப்ட்வேர் முடிவு பண்ணிடும். பெரிய மாடல்ல இது கண்ணுக்கே தெரியாது, வேற ஏதோ மெம்பரோட ஃபேக்டரை காமிச்சுட்டு போயிரும், நீங்களும் பரவால்லன்னு நெனச்சுப்பீங்க.

மோட் ஷேப் (பக்கிள் ஆகற வடிவம்) படத்தைப் பாத்து பயந்துபோய் ஓடி வர்றவங்களும் உண்டு. "சார், நகர்வு 1000 மிமீ காட்டுது!" அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. பக்லிங் அனாலிசிஸ் எந்த வடிவத்துல போகும்னு மட்டும் சொல்லும், எவ்வளவு போகும்னு சொல்லவே சொல்லாது, பெரிய நகர்வை 1ன்னு வெச்சு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி காட்டும், யூனிட் மீட்டர்ல இருந்தா அது 1000 மிமீ ஆயிரும். ஆனா படத்தை அனிமேட் பண்ணிப் பாக்கறது ரொம்ப முக்கியம், எண்ணைவிட படம் தான் நெறைய சொல்லும். முதல் மோட்ல பெரும்பாலும் பக்கிள் ஆகறது உங்க தூணே இல்ல, ஏதோ ஒரு மூலையில 12 மிமீ ராடு பிரேசிங்கா (சாயாம இழுத்துப் பிடிக்கற சாய்வு கம்பி) இருக்கும். அது டென்ஷனுக்கு மட்டும் போட்டது, அழுத்தம் வந்தா தளர்ந்து போறது தான் அதோட வேலை, ஆனா மாடல்ல அதை சாதாரண மெம்பரா விட்டுட்டா ஃபேக்டர் 0.2ன்னு வந்து உங்களை மிரட்டும். அதைத் தாண்டி நெஜமான மோட் எதுன்னு தேடணும். பத்து இருபது மோட் கேட்டு ஒவ்வொண்ணா பாக்கறதைத் தவிர குறுக்கு வழி தெரியல. நெகடிவ் ஃபேக்டர் வந்தா லோடை தலைகீழா திருப்பினா பக்கிள் ஆகும்னு அர்த்தம், காத்து மேல தூக்கற கேஸ் இருந்தா மட்டும் கவலைப்படுங்க.

இன்னொண்ணு, அந்த ஃபேக்டர் நீங்க குடுத்த லோடு கேஸ்ல இருக்கற எல்லாத்தையும் சேத்துப் பெருக்கும். செல்ஃப் வெயிட்டையும் தான். கட்டடத்தோட சொந்த எடை மூணு மடங்காகப் போறதில்லயே. டெட் லோடு (சொந்த எடை) நெலையா இருந்து லைவ் லோடு (ஆளு, சாமான்) மட்டும் ஏறினா என்னன்னு பாக்கணும்னா, டெட் லோடை ஒரு நான்லீனியர் கேஸா (லோடு ஏற ஏற விறைப்பு மாறறதையும் பாக்கற கணக்கு) முதல்ல ஓட்டி, அந்த முடிவுல இருக்கற விறைப்புல இருந்து பக்லிங் கேஸை ஆரம்பிக்கணும். சாப்லயும், கட்டடங்களுக்கான ஈடாப்ஸ் சாஃப்ட்வேர்லயும் இதுக்கு வழி இருக்கு, யாரும் தொடறதில்ல.

சரி, 3.29 வந்துருச்சு, அப்போ 329 தாங்குமா? தாங்காது. ஆய்லர் சொன்ன தூண் பென்சில் கோடு மாதிரி நேரானது, ரோலிங் மில்லுல இருந்து வர்ற தூண் அப்படி இல்ல. கொஞ்சம் வளைஞ்சிருக்கும், சூடா உருட்டி ஆறும்போது உள்ளுக்குள்ள ஸ்ட்ரெஸ் தங்கியிருக்கும், லோடும் சரியா நடுவுல வந்து உக்காராது. 3 மீட்டருக்கு 3 மிமீ வளைவுன்னு வைங்க, கண்ணால பாத்தா தெரியாது. 200 கிலோநியூட்டன் வெச்சா அந்த 3 மிமீ 7.7 மிமீ ஆகும். 300 வெச்சா 34 மிமீ. நூறு கூடினதுக்கு நாலரை மடங்கு! 34 மிமீ விலகல்ல 300 கிலோநியூட்டன் நின்னா சுமார் 10 கிலோநியூட்டன் மீட்டர் மொமெண்ட், அதுல மட்டுமே 340 மெகாபாஸ்கல், அதாவது 329ஐ எட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே ஃபிளேஞ்சு (ஐ வடிவத்தோட மேல், கீழ் தகடு) ஈல்டு ஆயி முடிஞ்சிருக்கும். இதையெல்லாம் சேத்துத் தான் ஐஎஸ் 800:2007ல ஏ, பி, சி, டின்னு நாலு பக்லிங் கர்வ் குடுத்திருக்காங்க. நம்ம செக்‌ஷன் வீக் ஆக்சிஸ்ல பி கர்வ்ல வரும், இம்பர்ஃபெக்‌ஷன் ஃபேக்டர் 0.34, போட்டுப் பாத்தா 234 கிலோநியூட்டன். ஸ்டார்ட்டிங்ல சொன்ன 23 டன் இது தான்.

இங்க நான்லீனியர் அனாலிசிஸ் ஓட்டறவங்க ஒரு குழில விழுவாங்க. மாடல்ல தூண் அச்சு அசலா நேரா இருந்தா, லோடும் சரியா நடுவுல இருந்தா, பி-டெல்டா (விலகின லோடால கூடற மொமெண்ட்டை, அதாவது செகண்ட் ஆர்டர் விளைவை சேக்கற ஆப்ஷன்) ஆன் பண்ணினாலும் தூண் நேராவே நிக்கும். வளையறதுக்கு அதுக்கு ஒரு காரணமும் இல்ல. அதனால நாமளே ஒரு கோணலை குடுக்கணும், பக்லிங் மோட் வடிவத்தையே சின்னதாக்கி ஜியோமெட்ரில சேக்கலாம், இல்லன்னா பக்கவாட்டுல ஒரு சின்ன நோஷனல் (கற்பனையான) லோடு போடலாம். ஃப்ரேம் மொத்தமும் சாயறதுக்கு ஐஎஸ் 800 சொல்றது ஒவ்வொரு தளத்துலயும் செங்குத்து ஃபேக்டர்டு (பாதுகாப்புக்காக பெருக்கின) லோடுல 0.5 சதவீதம். அமெரிக்க கோட் 0.2 சதவீதம் போட்டுட்டு, கூடவே விறைப்பையும் 0.8ஆல பெருக்கிக் கொறைக்கச் சொல்லுது, 2005ல பின்னிணைப்பா வந்து 2010ல அதுவே முதன்மை வழி ஆயிருச்சு. யூரோகோட் பக்லிங் ஃபேக்டர் 10க்கு மேல இருந்தா எலாஸ்டிக் அனாலிசிஸ்ல இந்த செகண்ட் ஆர்டர் விவகாரத்தையே விட்ரலாம்னு சொல்லுது. எனக்கு இந்த 10 ரொம்ப பிடிக்கும், மாடலைப் பத்தி முதல் பார்வையில ஒரு அபிப்ராயம் வெச்சுக்க நல்ல எண்.

பி-டெல்டால பெரிய டெல்டா, சின்ன டெல்டான்னு ரெண்டு இருக்கறதும் ஞாபகம் வெச்சுக்கணும். மாடி மொத்தமா சாயறது பெரிசு, தூண் தன் ரெண்டு முனைக்கு நடுவுல வளையறது சின்னது. கட்டட சாஃப்ட்வேர்கள் பெரிசை ஒழுங்கா பிடிச்சுரும், சின்னதைப் பிடிக்கணும்னா திரும்பவும் தூணை நாலா வெட்டணும்.

இப்போ தான் விவகாரம் ஆரம்பிக்குது.

பக்லிங்குக்காக தூணை நாலா வெட்டினோம் இல்ல? அதே மாடல்ல ஸ்டீல் டிசைன் செக் ஓட்டினா, ஸ்டாட்ல எல்ஒய், எல்இசட்னு இருக்கற நீளங்கள் டிஃபால்ட்டா மெம்பர் நீளம். மெம்பர் நீளம்னா நோட்ல இருந்து நோட் வரைக்கும். ஒரு 3 மீட்டர் தூண் இப்போ முக்கால் மீட்டர்ல நாலு தனித்தனி தூணாயிருச்சு. ஒவ்வொண்ணும் குட்டையா, கொழுகொழுன்னு, பக்லிங் பயமே இல்லாம பாஸ் ஆகும். அனாலிசிஸை சரி பண்ணப்போய் டிசைனை கெடுத்துட்டோம். பக்லிங்குக்காக வெட்டணும்னு கூட இல்ல, ஏணி மாட்ட ஒரு நோட், கேபிள் ட்ரே பிராக்கெட்டுக்கு ஒரு நோட்னு எதுக்காக நோட் போட்டாலும் இதே கதை தான். நோட் வேற, பிடிமானம் வேற. சாஃப்ட்வேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எல்ஒய், எல்இசட், கூடவே முனைப் பிடிமானத்துக்கு ஏத்த மாதிரி அந்த நீளங்களைப் பெருக்கற கேஒய், கேஇசட் நாலையும் கையால டைப் பண்ணித் தான் ஆகணும். யாராவது மாடல் அனுப்பினா நான் முதல்ல திறக்கறது ஸ்ட்ரெஸ் ரேஷியோ டேபிள் இல்ல, இந்த நாலு பாராமீட்டர் தான். பாதி மாடல்ல காலியா இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தால ஒரு ஸ்டேடியம் கூரையே விழுந்திருக்கு. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல ஹார்ட்ஃபோர்டுன்ற ஊரு. 1975ல திறந்த சிவிக் சென்டர், உள்விளையாட்டு அரங்கம். கூரை 300 அடிக்கு 360 அடி, நாலே நாலு கால் மேல நிக்கற ஸ்பேஸ் ஃப்ரேம் (முப்பரிமாணத்துல கோத்த இரும்புச் சட்டம்), 21 அடி ஆழம், 30 அடி கட்டங்கள். அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான டிசைன், கம்ப்யூட்டர் அனாலிசிஸ் இருந்ததால தான் இவ்வளவு மெலிசா, சிக்கனமா போட முடிஞ்சுதுன்னு பெருமையா பேசினாங்க. 1978 ஜனவரி 18, விடியக்காலை நாலே கால் மணி வாக்குல, பனியும் ஐஸும் தேங்கின கூரை மொத்தமா 1400 டன் உள்ள விழுந்துச்சு. முந்தின நாள் ராத்திரி அங்க பாஸ்கெட்பால் மேட்ச், கிட்டத்தட்ட 5000 பேர் உக்காந்து பாத்துட்டு போயிருக்காங்க. விழுந்தப்போ உள்ள ஆள் இல்ல. சில மணி நேரம் தான் வித்தியாசம்.

மேல் வரிசை மெம்பர்கள் அழுத்தத்துல இருக்கறவை, படுக்கவெச்ச தூண்கள்னு சொல்லலாம். ஒவ்வொண்ணும் 30 அடி நீளம். நடுவுல 15 அடில ஒரு சாய்வு மெம்பர் வந்து சேருது, அதனால கணக்குல 15 அடிக்கு ஒரு பிடிமானம்னு எடுத்தாங்க. கம்ப்யூட்டர் அதை நம்புச்சு. நெஜத்துல என்னன்னா, உள்பக்கத்துல இருந்த மெம்பர்களுக்கு அந்த சாய்வு மெம்பர்கள் நேரா அந்தப் புள்ளியில சேராம கொஞ்சம் தள்ளி வந்து சேந்துச்சு, பிடிமானம் தளர்வா இருந்துச்சு. வெளி ஓரத்துல இருந்த மெம்பர்களுக்கோ, சாய்வு மெம்பர் அதே தளத்துலயே இருந்ததால ஒரு திசையில மட்டும் பிடிச்சுது, இன்னொரு திசையில பிடிக்கவே இல்ல. அந்த திசையில நீளம் 15 இல்ல, முழு 30 அடி. நீளம் ரெண்டு மடங்குன்னா பலம் நாலுல ஒண்ணு, முஷன்புரூக் 1729ல குச்சியை உடைச்சுக் கண்டுபிடிச்ச அதே கணக்கு.

கூரைத் தகடு நேரா மேல் மெம்பர் மேல உக்காந்திருந்தா அதுவாவது பிடிச்சிருக்கும். இங்க சின்னச் சின்ன குத்துக்கால் வெச்சு அது மேல கூரையைப் போட்டிருந்தாங்க, அதனால அந்த உதவியும் கிடைக்கல.

இதுல என்னை ரொம்ப உறுத்தறது வேற. கூரையை தரையில வெச்சு கோத்து அப்புறம் மேல தூக்கினாங்க. தரையில இருக்கும்போதே தொய்வு அதிகமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, மேல தூக்கி வெச்சப்புறம் அளந்தா கம்ப்யூட்டர் சொன்னதைவிட ரெண்டு மடங்கு. கணக்குக்கும் நெஜத்துக்கும் இந்த மாதிரி வித்தியாசம் வர்றது தான்னு பதில் வந்துச்சு. ஓரத்துல மாட்ட வேண்டிய பேனல்கள் பொருந்தல, கூரை வளைஞ்சு போயிருந்ததால. அதையும் எப்படியோ சமாளிச்சு மாட்டச் சொன்னாங்க. ஸ்ட்ரக்சர் கத்திக்கிட்டு இருந்திருக்கு, எல்லாரும் பிரிண்ட்அவுட்டைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு மடங்குன்னா அது லோடு வித்தியாசம் இல்ல, விறைப்பு எங்கயோ தொலைஞ்சிருக்குன்னு அர்த்தம். சைட்டுல இருந்து ஒரு அளவு வந்து மாடலோட ஒத்துப்போகலன்னா நான் மாடலைத் தான் முதல்ல சந்தேகப்படுவேன்.

ஹார்ட்ஃபோர்டுல இன்னொரு கூத்தும் இருந்துச்சு. அந்த மெம்பர்கள் நாலு ஆங்கிளை முதுகோட முதுகா சேத்த கூட்டல் குறி வடிவம். இந்த வடிவத்துக்கு முறுக்கு எதிர்ப்பு ரொம்ப கம்மி, வளையறதுக்கு முன்னாடியே அச்சுல திருகிப்போக வாய்ப்பு உண்டு, விசாரிச்ச ஒரு தரப்பு இதைத் தான் முக்கியக் காரணமா சொன்னாங்க. இன்னைக்கு நாம ஓட்டற சாதாரண பீம் எலிமெண்ட்டும் இதைப் பிடிக்காது. ஒரு நோடுக்கு ஆறு அசைவு தான் அதுக்குத் தெரியும், செக்‌ஷன் தன் தளத்துல இருந்து பிதுங்கற வார்ப்பிங்னு ஏழாவது ஒண்ணு இருக்கு, அது இல்லாம திருகு சம்பந்தப்பட்ட பக்லிங் சரியா வராது. கூட்டல் குறி, ஒத்தை ஆங்கிள், மெலிசான சி செக்‌ஷன் போடறவங்க ஷெல் எலிமெண்ட்டுக்கு (செக்‌ஷனை தகடு தகடா வரையற முறை) போகணும், இல்லன்னா கோட்ல இருக்கற ஃபார்முலாவை கையால போடணும். தகடு மட்டும் தனியா நெளியற லோக்கல் பக்லிங்கும் அதே மாதிரி தான், பீம் எலிமெண்ட்டுக்கு தகடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது.

கான்கிரீட் தூண்ல வேற தலைவலி. அங்க இ × ஐ எவ்வளவுன்னே நிச்சயம் இல்ல, விரிசல் விட்டா கொறையும். ஐஎஸ் 1893:2016 தூணுக்கு முழு இனர்ஷியால 0.7, பீமுக்கு 0.35 எடுக்கச் சொல்லுது. ஈடாப்ஸ்ல இந்த மாடிஃபையர் போடாம பி-டெல்டா ஓட்டறது, தராசுல எடைக்கல்லை மாத்தி வெச்சுட்டு கிராம் கணக்குல துல்லியம் பாக்கற மாதிரி.

பிடிமானம்னா என்னன்னு எனக்கு புரிய வெச்சது காலேஜ் இல்ல, ஒரு சென்ட்ரிங் மேஸ்திரி. வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு வீட்டு ஸ்லாப், உயரம் வழக்கத்தைவிட கூட, சவுக்கு முட்டு வரிசையா நிக்குது. நடுவுல குறுக்குக் கட்டை ஓட்டச் சொன்னேன், புத்தகத்துல படிச்ச தெம்புல. அவரு ஏற்கனவே எல்லா முட்டுகளையும் குறுக்குக் கட்டையால இணைச்சிருந்தார். "அப்போ சரி ண்ணே"ன்னேன். அவரு சிரிச்சுட்டு, "எங்க சார் சரி? எல்லாம் ஒண்ணா சேந்து சாஞ்சா இந்தக் கட்டையும் கூடவே தான் போகும்"னுட்டு, அந்தக் குறுக்குக் கட்டையோட கடைசியை கொண்டுபோய் போன மாசம் போட்ட கான்கிரீட் தூணோட கட்டினார். ரெண்டு பக்கமும்.

பல வருஷம் கழிச்சு அதே விஷயம் ஒரு ஷெட் மாடல்ல வந்துச்சு. பேரு வேணாம், வெளியில இருந்து செக்கிங்குக்கு வந்த வேலை. ஒரு பக்கச் சுவர்ல ஆறு தூண் வரிசையா, 6 மீட்டர் உயரம், நம்ம ஐஎஸ்எம்பி 200 தான். 3 மீட்டர்ல கெர்ட் (சுவர்த் தகட்டைத் தாங்கற படுக்கை மெம்பர்) ஓடுது, தூணுக்குத் தூண். வீக் ஆக்சிஸ்ல நீளம் 3 மீட்டர்னு எடுத்திருந்தாங்க. மேல ஈவ் (கூரை ஓர) லெவல்ல பிரேசிங் இருக்கு, நடுவுல கெர்ட்டு மட்டும். ஒவ்வொரு தூண்லயும் 100 கிலோநியூட்டன்னு வெச்சுக்குவோம், கணக்கு சுலபமா இருக்கட்டும். டிசைனர் மாடல்ல கெர்ட் சேர்ற இடத்துல சப்போர்ட் போட்டு பக்லிங் ஓட்டியிருந்தார், ஃபேக்டர் 3.29. நான் அந்த சப்போர்ட்டை எல்லாம் எடுத்துட்டு கெர்ட்டை நெஜ மெம்பரா, ரெண்டு முனையும் பின்னா போட்டு திரும்ப ஓட்டினேன். 0.82. ஒண்ணுக்கும் கீழ! அனிமேஷன்ல ஆறு தூணும் ஒரே பக்கமா, ஒரே தாளத்துல வளையுது, கெர்ட்டு எல்லாம் சமர்த்தா கூடவே போகுது, ஒண்ணுல கூட ஃபோர்ஸ் இல்ல. மேஸ்திரி சொன்னது ஸ்க்ரீன்ல ஓடுச்சு.

சப்போர்ட்னு ஒரு க்ளிக்ல போடறது எல்லையில்லா விறைப்பு. நெஜத்துல தூணை நடுவுல பிடிக்க எவ்வளவு விறைப்பு வேணும்னு கணக்கு இருக்கு: பக்லிங் லோடை ரெண்டால பெருக்கி பாதி நீளத்தால வகுக்கணும். இந்தத் தூணுக்கு 2 × 329 ÷ 3, மீட்டருக்கு சுமார் 219 கிலோநியூட்டன், அதாவது 1 மிமீ தள்ள 0.22 கிலோநியூட்டன். தூண் கோணலா இருக்கும்ன்றதால இதை ரெண்டு மடங்காக்கறது வழக்கம். பெரிய விஷயமே இல்ல இது. பலமும் ரொம்ப வேணாம், தூணோட லோடுல ஒண்ணு ரெண்டு சதவீதம். ஆனா அது எங்கயாவது ஒரு இடத்துல போய் தரையோட முடியணும், அது தான் முக்கியம், இன்னொரு தூண்ல போய் முடியக் கூடாது.

ஆறு தூணுக்கும் சேத்து 1 மிமீக்கு 1.3 கிலோநியூட்டன், ரெண்டு மடங்குன்னா 2.6. ஒரே ஒரு பேல (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கற இடம்), கெர்ட் லெவல்ல இருந்து கீழ தரை வரைக்கும் 50க்கு 50க்கு 6 ஆங்கிள்ல ஒரு எக்ஸ் போட்டா, டென்ஷன்ல இருக்கற ஒத்தைக் கால் மட்டுமே 6 மீட்டர் பேக்கு 1 மிமீக்கு 13 கிலோநியூட்டனுக்கு மேல தரும். தேவையைவிட அஞ்சு மடங்கு. மாடல்ல போட்டேன், ஃபேக்டர் திரும்ப 3.29க்கு பக்கத்துல வந்து நின்னுச்சு, இந்தத் தடவை ஆறு தூணும் கெர்ட் லெவல்ல அசையாம மேலயும் கீழயும் எஸ் மாதிரி வளையுது.

டிசைனருக்கு போன் பண்ணினேன். கொஞ்சம் கோவம் தான், பேல ரோலிங் ஷட்டர் வருது சார், எக்ஸ் போட முடியாதுன்னார். அடுத்த பேல போடுங்கன்னேன். அங்க ஜன்னல். கடைசில மூணாவது பேல போட்டாங்க, ஆங்கிள் சைஸும் கொஞ்சம் கூடுச்சு, கெர்ட்டோட போல்ட்டு ஒவ்வொரு தூண்லயும் ரெண்டாச்சு, ஏன்னா இப்போ அதுல நெஜமாவே ஃபோர்ஸ் ஓடுது. மொத்தச் செலவு அந்த ஷெட்டுக்கு வெச்ச சைன்போர்டைவிட கம்மி.